மூன்று கறுப்பு மூடிகள்

என் பெரிய அண்ணிக்குக் கோபம் வந்தால் எங்கள் வீட்டில் பாத்திரம் உருளாது. மௌஸ் சத்தம் போடும். சாதாரண நாட்களில் அவர் மௌஸை அழுத்துவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காது. மனதுக்குள் ஏதாவது புகைந்தால் மட்டும் ஒவ்வொரு அழுத்தலும் சமையலறை வரை வரும். சின்ன அண்ணியின் புது கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நான்கு மாதம் நாங்கள் அந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம் நடத்தினோம்.

பெரிய அண்ணி பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவர். அங்கிருந்த டிசைனர் ஒரு வாரம் விடுப்பில் போனார். அவசரமாகக் கேட்ட ஒரு விசிட்டிங் கார்டை இவரே செய்துகொடுத்தார். டிசைனர் திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. பதினோரு வருடம் அங்கே. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, அச்சகம் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டார். மருந்துக்கடைப் பை, பள்ளி ஆண்டு மலர், கடைத்திறப்பு அழைப்பிதழ், எதுவானாலும் செய்வார். அதில் நிரந்தரமான ஒரே வாடிக்கை ஒரு மர நாற்காலி, மேசைக் கம்பெனி. அவர்களுடைய வருடாந்திரக் கேட்டலாக் எட்டு வருடமாகப் பெரிய அண்ணியின் கையில்தான் பிறந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வீட்டில் பெயர் கிழவன். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே நேராக ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருப்பார். "கிழவனுக்கு மூச்சு வாங்குது, யாரும் பேசாதீங்க" என்பார். வீட்டு வேலையையே கிழவனின் தாமதத்துக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருந்தார். கேட்டலாக் ஃபைல் திறக்க ஒரு அழுத்து, அது திறப்பதற்குள் நான்கு வெங்காயம் நறுக்கியாகிவிடும். சேமிக்கக் கொடுத்தால் அரிசி களையலாம். அச்சுக்கு அனுப்பும் ஃபைலாக மாற்றக் கொடுத்துவிட்டுத் துணி ஊறவைத்து, அலசி, கொடியில் போட்டு வந்தால் பாதி முடிந்திருக்கும். கிழவன் வேகமாக இருந்திருந்தால் அந்த வீட்டில் சமையலே நடந்திருக்காது என்று என் பெரிய அண்ணன் சொல்வார். அதைச் சொல்லிவிட்டு உடனே வேறு அறைக்குப் போய்விடுவார்.

சின்ன அண்ணி ஏழு வருடம் முன்பு வந்தவர். வீடியோ எடிட்டர். ஒரு ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு இருந்தார். அது மூடியதும் அதே முன்னறையில், சுவரோரம், தன் மேசையைப் போட்டார். இருவருக்கும் நடுவே ஒரு புத்தக அலமாரி. கொஞ்ச நாள் லேப்டாப்பில் திண்டாடிவிட்டு, பத்துப் பேரிடம் விசாரித்து, சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மாடியில் ஒருவரைப் பிடித்தார். ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி கம்ப்யூட்டர் கட்டித் தருபவர். வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவரை எல்லாரும் ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் மனைவி உட்பட.

புது கம்ப்யூட்டரைச் சின்ன அண்ணன்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நீல வெளிச்சம். அந்த வெளிச்சம் அலமாரிப் புத்தகங்களுக்கு மேலாகப் போய்ப் பெரிய அண்ணியின் சுவரில் விழுந்தது.

"அண்ணி, பாத்தீங்களா? எட்டு கோர். எட்டு ஆள் சேர்ந்து வேலை பாக்கற மாதிரி" என்றார் சின்ன அண்ணன்.

"எனக்கு ரெண்டு கைதான் தம்பி. அதுலயே ஓட்டிக்கிறேன்" என்றார் பெரிய அண்ணி.

"அக்கா, நீங்களும் உக்காந்து பாருங்களேன். பறக்குது" என்றார் சின்ன அண்ணி.

"பறக்கட்டும்மா. ஜன்னலைச் சாத்தி வச்சுக்கோ."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று மதியம் மௌஸ் சத்தம் தொடங்கியது.

வெளிச்சத்தைக்கூட அவர் பொறுத்திருப்பார். அவரைக் கிழித்தது விலை. ஆறு வருடம் முன்பு பெரிய அண்ணனோடு ஒரு பெரிய கடைக்குப் போய், டிசைன் வேலைக்கு ஏற்ற கம்பெனி மெஷின் என்று காட்டியதைப் பார்த்து, விலையைக் கேட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியவர் அவர். அதோடு அந்த ஆசையை மூட்டை கட்டினார். இப்போது இவள் வாங்கியது அந்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போன வருடத்து பிராசஸர், இன்னொரு ஸ்டூடியோவில் ஒரு வருடம் ஓடிய கிராபிக்ஸ் கார்டு, சாதாரணப் பெட்டி. கண்ணாடியும் வெளிச்சமும் சின்ன அண்ணனின் பிடிவாதம். எட்டாத பழம் என்று விட்டுவிட்டு வந்தது கைக்கு எட்டும் உயரத்திலேயே தொங்கியிருக்கிறது, நேற்று வந்தவள் சும்மா கையை நீட்டிப் பறித்துவிட்டாள். அதுதான் அவருக்கு ஆறவில்லை.

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சுவரில் நீலம் விழும் இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினார். வெளிச்சம் காலண்டர் மேல் விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், கீபோர்டு வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். ஸ்க்ரூவின் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்பும் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிற்பாடு அவரே எனக்குச் சொன்னது இது. ஸ்க்ரூவும் கேள்வி கேட்கும் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்துப் பின்பக்கம் காட்டினாராம்.

"இதுதாம்மா படத்தை வேகமா வரையற ஆளு. திரையோட வயரை இதுலதான் செருகணும். பாதிப் பேர் மேல மதர்போர்டுல, அந்தப் பெரிய பலகையில, இருக்கற ஓட்டையில செருகிடுவாங்க. ஏன்னா இந்தக் கார்டு வாயில எல்லாம் கறுப்பு மூடி இருக்கும், தூசிக்காக. மூடியிருக்கே, நமக்கில்ல போலன்னு விட்டுடுவாங்க."

"அப்படிச் செருகினா என்ன ஆகும்?"

"படம் வரும். கார்டு மட்டும் சும்மா உக்காந்திருக்கும், சம்பளம் வாங்கிட்டு வேலை பார்க்காத ஆள் மாதிரி. மெஷின் ஆமை மாதிரி நகரும். எங்கிட்ட வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நானே போய் மாட்டித் தந்துடுவேன். உங்க கொழுந்தனார்தான், இதென்ன ராக்கெட்டா, நானே பாத்துக்கறேன்னு தூக்கிட்டுப் போயிட்டார்."

"உங்களுக்கும் ஒண்ணு கட்டிடலாமா?" என்று ஸ்க்ரூ கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். யோசிக்க ஒன்றுமில்லை. அதே கடையில் அதையே வாங்கினால் அவளைப் பார்த்து இவர் செய்தது போல ஆகிவிடும். கீபோர்டு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அது இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

நான்காம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மரக் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்தார். எட்டு வருடமாக வருகிறவர், வந்தால் நேரே ஜன்னலோர நாற்காலிக்குத்தான் போவார். அன்று கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டார்.

"இது யாருது?"

"எங்க ஓரகத்தியோடது" என்றார் பெரிய அண்ணி.

மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். இந்த வருடம் கேட்டலாக் காகிதத்தில் மட்டும் போதாது. வாடிக்கையாளர் போனில் அறையைச் சுற்றிப் பார்க்க வேண்டும், வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசை மேல் விழ வேண்டும். பன்னிரண்டு அறைகள். "தப்பா நினைக்காதீங்க. வீட்லயே வீடியோ தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு அறை செஞ்சு காட்டுங்க. அடுத்த சனிக்கிழமை எங்க முதலாளி பார்ப்பார். யாரோடது பிடிக்குதோ அவங்களுக்கே கேட்டலாக்கும் சேர்த்து."

மேனேஜர் போனபின் சின்ன அண்ணி, "அக்கா, நான் வேணா வேண்டாம்னு சொல்லிடறேன். இது உங்க கம்பெனி" என்றார்.

"எதுக்கு? செய். யாருக்கு வருதோ வரட்டும்."

இரண்டு வருடமாகப் பெரிய அண்ணி கம்ப்யூட்டருக்குள் அறை கட்டும் இந்த மென்பொருளைத் தானாகக் கற்றுக்கொண்டு வந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. கிழவனில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாகத்தான் அதைச் செய்ய முடியும். மரத்தின் ரேகையைப் போட்டால் கிழவன் நின்றுவிடுவான். வெயிலைப் போட்டால் அணைந்தே போவான். அவர் கட்டிய அறைகள் எல்லாம் வெயில் படாத சாம்பல் அறைகள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சின்ன அண்ணியின் மேசைக்கு அடியில் குனிந்தவர் அப்படியே நின்றார். துடைப்பத்தைக் கீழே வைத்தார். முழங்காலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியின் பின்னால், கிராபிக்ஸ் கார்டின் மூன்று வாயிலும் மூன்று கறுப்பு மூடிகள், வந்த அன்று இருந்தபடியே. திரையின் வயர் மேலே, மதர்போர்டில்.

நான் சாப்பாட்டு மேசையில் வேலையாக இருந்தேன். எழுந்து வரும்போது அவர் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று மௌஸ் சத்தமே வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. சின்ன அண்ணி அடிக்கடி எழுந்து துணி மடிப்பது, வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று சமையலறைக்கு வருவது. பறக்கிறது என்று சொன்ன மெஷின் நான்கு மாதமாகத் தரையில்தான் தவழ்ந்துகொண்டிருந்தது. பெரிய அண்ணி எதைப் பார்த்து நான்கு மாதம் வெந்தாரோ, அது இல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. திங்கள், செவ்வாய், புதன் போயின, சொல்லவில்லை. சின்ன அண்ணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நகராத திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் அலமாரிக்கு இந்தப் பக்கம் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

"அறை எப்படி வருது?" என்று கேட்கவும் செய்தார்.

"வருதுக்கா. சூப்பரா வருது."

வியாழக்கிழமை காலை கிழவன் படுத்துவிட்டான். கம்பெனி அனுப்பிய நாற்காலி, மேசை உருவங்களை மர ரேகையோடு திறக்கக் கொடுத்ததும் திரை வெளுத்தது. மூன்று முறை. நான்காவது முறை டேபிள் ஃபேன் மட்டும் ஓடியது. வெகுநேரம் ஆறியபின்தான் கிழவன் எழுந்தான், அதுவும் சாம்பல் அறைவரைக்கும்தான்.

பெரிய அண்ணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எட்டு வருடக் கம்பெனி. சனிக்கிழமைக்கு நடுவே ஒரே ஒரு நாள். வீட்டில் அந்த வேலைக்கு ஆகும் மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதை ஆகவைக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். தனக்காகச் சரிசெய்தால் அவளுக்கும் சரியாகிவிடும்.

தினமும் சின்ன அண்ணி மூன்று மணிக்குக் கிளம்பி, பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு, நேரே நீச்சல் வகுப்புக்குப் போய், ஐந்தரைக்குத்தான் வருவார். வியாழக்கிழமை மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரிய அண்ணி மேசைக்கு அடியில் இருந்தார். மெஷினை அணைத்தார், ஒரு மூடியைப் பிடுங்கினார், வயரைக் கீழே மாற்றினார், மறுபடி போட்டார். கார்டின் விசிறி முதல் தடவையாக உறுமியது. பாஸ்வேர்டு குழந்தையின் செல்லப்பெயர். அது தெருவுக்கே தெரியும்.

கிழவனிடமிருந்து பென்டிரைவில் எடுத்து வந்த தன் சாம்பல் அறையைத் திறந்தார். ஃபைல் உடனே திறந்தது. எழுந்துபோகப் பழகிய கால் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தது. மர ரேகையைப் போட்டார், அதுவும் உடனே படிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயிலை வைத்தார். வெயில் உள்ளே வந்து, தரையைத் தாண்டி, நாற்காலியின் கைப்பிடி மேல் ஏறியது. அவர் கட்டிய அறைக்குள் வெயில் வருவதை அவர் அன்றுதான் பார்த்தார். வெகுநேரம் எதையும் அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நாலு மாசமா இங்கயே இருந்திருக்கு, குட்டி" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

ஐந்தேகாலுக்கு மெஷினை அணைத்து, மறுபடி கீழே குனிந்தார். கையில் வயர். மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை. பிறகு வயரை மேலேயே செருகி, கறுப்பு மூடியை அதன் இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். நான் சாப்பாட்டு மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமையும் அதேபோல் முடித்தார். சனிக்கிழமை முதலாளி பார்த்தது இரண்டு அறைகள். சின்ன அண்ணியுடையது பாதியில் திக்கித் திக்கி நின்றது, வெயில் வைக்கவே முடியவில்லை. பெரிய அண்ணியுடையதைப் பார்த்த முதலாளி, இந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துவிடுவேன் போலிருக்கிறது என்றாராம். பன்னிரண்டு அறைகளும் கேட்டலாக்கும் பெரிய அண்ணிக்கு. இருபது நாள் கெடு.

"அக்கா, கிழவன்லயா இதைச் செஞ்சீங்க?" என்று சின்ன அண்ணி கேட்டார்.

"ஆமா. பழகின கை."

சின்ன அண்ணி தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மதியம் அவர் தன் மேசையில் உட்காரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து பெரிய அண்ணிக்கு இரண்டு வேலை. மூன்று மணிக்கு வயரைக் கீழே இறக்குவது, ஐந்தேகாலுக்கு மேலே ஏற்றுவது. முழங்காலில் கறுப்பு படிந்தது. புதன்கிழமை நீச்சல் குளத்தில் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்று வகுப்பு இல்லை. நாலு மணிக்குச் சின்ன அண்ணி மகளோடு உள்ளே வந்தபோது, தன் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கதவுச் சத்தம் கேட்டு அவசரமாக வயரை மாற்றப் போன பாதங்கள்.

"அக்கா?"

பாதங்கள் அசையவில்லை.

"அக்கா, என்ன பண்றீங்க?"

பெரிய அண்ணி பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. ஒரு கையில் வயர், இன்னொரு கையில் மூடி. மறைக்க இடமில்லை. குழந்தையை நான் உள்ளே கூட்டிப்போக எழுந்தேன், அது வர மறுத்தது.

"இது என்ன தெரியுமா?" என்றார் பெரிய அண்ணி, மூடியைக் காட்டி.

"மூடி."

"இதைப் பிடுங்கிட்டு வயரை இங்க செருகணும். உன் வீட்டுக்காரர் மேல செருகியிருக்கார். உன் கார்டு இதுவரைக்கும் ஒரு நாள்கூட உனக்கு வேலை செய்யல."

சின்ன அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நாலு மாசம்" என்றார். "நாலு மாசமா எனக்குத்தான் வேலை மறந்துபோச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"பறக்குதுன்னு சொன்னியே."

"வேற என்ன சொல்ல? நீங்க அந்த ஓட்டை மெஷின்ல என்னைவிட சீக்கிரம் முடிச்சு எழுந்திருப்பீங்க. எனக்கு வயிறு எரியும். பழைய கார்டு வாங்கி ஏமாந்துட்டேன்னு உங்க முன்னாடி சொல்லச் சொல்றீங்களா?"

பெரிய அண்ணி புறங்கையால் தலையிலிருந்த ஒட்டடையைத் துடைத்தார். அவர் வயிறு எரிந்த கதையை அவர் சொல்லவே இல்லை.

"எப்ப பாத்தீங்க?" என்றார் சின்ன அண்ணி.

இன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். நான்கூட அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு."

சின்ன அண்ணி விரல்விட்டு எண்ணவில்லை, ஆனால் கணக்கு அவர் முகத்தில் ஓடியது. சனிக்கிழமை வந்து நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே மேசைக்கு அடியில் போய், மற்ற இரண்டு மூடிகளையும் பிடுங்கி, பெரிய அண்ணியின் கையிலிருந்ததையும் வாங்கி, மூன்றையும் ஜன்னலோர மேசையில் பேனா வைக்கும் டப்பாவில் போட்டார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

இரண்டு நாள் பேச்சு இல்லை. குழந்தைதான் தூது போனது. மூன்றாம் நாள் சின்ன அண்ணி கறாராக வந்து நின்றார். காலையில் மெஷின் அக்காவுக்கு, மதியம் தனக்கு. பன்னிரண்டு அறையில் ஆறு தனக்கு. பெரிய அண்ணி ஒத்துக்கொண்டார். எந்த ஆறு என்று பிரித்தவர் அவர்தான். வெயில் வரும் அறைகளைத் தான் வைத்துக்கொண்டு, அலமாரிகளும் செருப்பு ஸ்டாண்டும் இருக்கும் அறைகளை அவளுக்குக் கொடுத்தார்.

இருபது நாளில் வேலை முடிந்தது. அதற்கு அடுத்த நாளே பெரிய அண்ணி, என்னையும் கூட்டிக்கொண்டு, சைக்கிள் கடை மாடிக்கு ஏறினார்.

"அவளுக்குக் கட்டினதே எனக்கும். ஒரு ரேம் மட்டும் கூடப் போடுங்க."

ஸ்க்ரூ வாயிலிருந்ததை எடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்க வேலைக்கு அது தேவைப்படாதும்மா. வீண்."

"வேலைக்கு இல்லை."

ஸ்க்ரூ என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இந்த முறை அவரே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். கண்ணாடி இல்லை, வெளிச்சம் இல்லை, சாதாரணக் கறுப்புப் பெட்டி. கிழவன் பரண் மேல் ஏறினான். சின்ன அண்ணி வந்து பார்த்தார், ரேம் எத்தனை என்று கேட்டார், நல்லாயிருக்குக்கா என்றார், அலமாரிக்கு அந்தப் பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து மௌஸ் சத்தம் வந்தது. ஒவ்வொரு அழுத்தலும் சாப்பாட்டு மேசை வரை கேட்டது. பெரிய அண்ணி அதைக் கேட்டபடியே கேட்டலாக் ஃபைலைத் திறக்கக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். அதற்குள் திறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார்.

"குட்டி," என்றார் என்னிடம், "அந்த வெங்காயத்தை நீ நறுக்கிடேன்."